கேட் முதல் மெயின் வரை: பிஎம்எக்ஸ் களத்தில் காதில் விழும் சொற்கள்

கேள்வி: மெல்பர்னில் இருக்கிறோம். பத்து வயது மகள் பக்கத்து பிஎம்எக்ஸ் (மண்மேடுகள் நிறைந்த பாதையில் ஓட்டும் சைக்கிள் பந்தயம்) கிளப்பில் சேர்ந்திருக்கிறாள். பயிற்சியாளர் 'ஸ்னாப் பத்தாது', 'மேனுவல் பண்ணு', 'கேஸ் பண்ணாதே' என்கிறார். பந்தய நாளில் போர்டில் 'மோட்டோ 14, லேன் 6' என்று ஒட்டுகிறார்கள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எவையெல்லாம் அவசியம் தெரிந்திருக்க வேண்டும்?

பதில்: போர்டிலிருந்து தொடங்குங்கள். மற்ற சொற்கள் புரியாவிட்டாலும் மகள் ஓட்டிவிடுவாள். போர்டைத் தப்பாகப் படித்தால் அவளுடைய ஓட்டமே போய்விடும்.

மோட்டோ என்றால் தகுதிச் சுற்று. ஒரு மோட்டோவில் அதிகபட்சம் எட்டுப் பேர். வழக்கமான முறையில் அதே பிள்ளைகள் மூன்று தடவை மோதுவார்கள். மோட்டோ எண் மாறாது, கிளம்பும் வரிசையில் நிற்கும் இடமான லேன் மட்டும் தடவைக்குத் தடவை மாறும். முதலில் வந்தால் 1 புள்ளி, எட்டாவது வந்தால் 8. கூட்டிப் பார்த்துக் குறைந்த புள்ளி எடுத்தவர்கள் மேலே போவார்கள், பெரும்பாலும் நான்கு பேர். மூன்று தடவையும் நாலாவதாக வந்தவளுக்கு 12 புள்ளி. ஒரு தடவை ஜெயித்துவிட்டு இரண்டு தடவை விழுந்து கடைசியாக வந்தவளுக்கு 17. ஆக, நிதானக்காரிக்கே வாய்ப்பு அதிகம். இறுதிச் சுற்றுக்கு மெயின் என்று பெயர். கிளப்புக்குக் கிளப் சிறு மாற்றங்கள் உண்டு, பதிவு மேசையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளம்பும் இடத்துத் தடுப்பான கேட்டுக்குப் பின்னால் மோட்டோ வாரியாக வரிசை கட்டும் இடம் ஸ்டேஜிங். உங்கள் எண்ணுக்கு நாலைந்து மோட்டோ முன்பே அங்கே நிற்க வேண்டும். மோட்டோ எண்ணையும் மூன்று லேன்களையும் பேனாவால் மகளின் கையில் எழுதிவிடுங்கள். அனுபவப்பட்ட பெற்றோர் எல்லாரும் செய்வதுதான்.

இனி கேட். மேட்டின் உச்சியில் முன்சக்கரத்தைத் தாங்கி நிற்கும் இரும்புத் தடுப்பு அது. சக்கரத்தை அதில் அழுத்தி, இரு கால்களும் பெடலில் இருக்க, தரையில் கால் ஊன்றாமல் சமநிலையில் நிற்க வேண்டும். பதிவு செய்த குரல் 'ரைடர்ஸ் ரெடி, வாட்ச் த கேட்' என்று முடியும். அதன்பின் 0.1 முதல் 2.7 வினாடி வரை ஒரு மௌனம். எவ்வளவு என்று யாரும் ஊகிக்க முடியாது. பிறகு நான்கு பீப், கூடவே சிவப்பு, மஞ்சள், மஞ்சள், பச்சை. பச்சையோடு கேட் விழும்.

சூட்சுமம் இங்கேதான். சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே உள்ள இடைவெளி எப்போதும் ஒன்றே, அரை வினாடிகூட இல்லை. பச்சையைப் பார்த்துக் கிளம்புகிற பிள்ளை அப்போதே பின்தங்கிவிடும். முதல் பீப் கேட்டதும் உடம்பு அசையத் தொடங்க வேண்டும். அந்த வெடிப்பான முதல் அசைவுதான் ஸ்னாப். இடுப்பு ஹேண்டில்பாரை நோக்கி முன்னே பாய, கைகள் சைக்கிளைப் பின்னுக்கு இழுக்கும். சக்கரம் முன்னேறும் நேரத்துக்குக் கேட் கீழே போயிருக்கும். பாரை மேல்நோக்கி இழுத்தால் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும், முதல் மிதி வீணாகும். 'ஸ்னாப் பத்தாது' என்று பயிற்சியாளர் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மௌனத்திலேயே அவசரப்பட்டுக் கிளம்பினால் சக்கரம் கேட்டில் முட்டி நிற்கும். பிள்ளை ஹேண்டில்பாரின் மேலேயே விழலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஆஸ்திரேலியாவின் சாயா சகாகிபாரா கிளம்புவதை வீடியோவில் மெதுவாக ஓடவிட்டு மகளோடு பாருங்கள்.

முதல் வளைவுக்கு முதல் ஆளாகப் போய்ச் சேருவது ஹோல்ஷாட். பாதையின் மொத்த நீளம் 300 முதல் 400 மீட்டர், பெரியவர்களுக்கு நாற்பது வினாடிக்குள் முடிந்துவிடும். அதனால் முந்த இடம் கிடைப்பது அரிது. சாய்த்துக் கட்டிய அந்த வளைவுதான் பெர்ம். உயரமாக நுழைந்து உட்புறமாக வெட்டி இறங்கி முந்துவதை ஹை-லோ என்பார்கள். தொடக்கப் பிள்ளைகளுக்கு இப்போதைக்கு வேண்டாம், பக்கவாட்டில் இடித்துக்கொள்வார்கள்.

மேனுவலை, முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டும் வீலியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். வீலியில் மிதிப்பார்கள், மேனுவலில் மிதிப்பதில்லை. ரோலர் எனப்படும் சிறு மேடுகளின் வரிசையில் முன்சக்கரத்தைத் தூக்கி, பின்சக்கரத்தால் மட்டும் உருண்டு போவது அது. பெடல்கள் மட்டமாக, கைகள் நீட்டி, இடுப்பைப் பின்சக்கர அச்சுக்குப் பின்னே தள்ள வேண்டும். கைப்பலத்தால் தூக்கப் பார்த்தால் சக்கரம் உடனே விழும். அளவுக்கு மீறிச் சாய்ந்தால் மல்லாக்க விழுவாள், அதற்கு லூப் அவுட் என்று பெயர். ஒரு விரலைப் பிரேக்கில் வைத்திருந்தால் லேசாகத் தொட்டதும் முன்சக்கரம் இறங்கிவிடும். அதற்கு முன் பம்ப் கைவர வேண்டும்: மேட்டில் ஏறும்போது உடலைத் தளர்த்தி, இறங்கும்போது அழுத்தி, மிதிக்காமலே வேகம் எடுப்பது.

தாண்டும் மேடுகளில் நடுவே மண் நிரப்பியது டேபிள்டாப், பள்ளம் விட்டது டபுள். தாண்டல் எட்டாமல் பின்சக்கரம் இறங்குமேட்டின் விளிம்பில் மோதுவதுதான் கேஸ். வேகம் குறைவாக இருந்தாலும் சீக்கிரமே தூக்கினாலும் இது நடக்கும். டேபிள்டாப்பில் கேஸ் ஆனால் குலுக்கலோடு போகும், டபுளில் அப்படியல்ல. ஆகவே டேபிள்டாப்பில் தவறாமல் மறுபக்கம் இறங்கும் வரை டபுளை உருண்டே கடக்கட்டும்.

சைக்கிளைப் பொறுத்தவரை, 20 அங்குலச் சக்கரம்தான் அவளுக்கு. 24 அங்குலம் என்றால் க்ரூஸர், அது தனிப் பிரிவு. பின் பிரேக் போதும். ஸ்டாண்டு, ரிஃப்ளெக்டர், பெக் (சக்கர அச்சில் நீட்டிக்கொண்டிருக்கும் கால்தாங்கி) ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். ஹேண்டில்பார் முனைகள் மூடியிருக்க வேண்டும். 44/16 என்று யாராவது சொன்னால் முன் பல்சக்கரத்தில் 44 பல், பின் பல்சக்கரத்தில் 16 பல் என்று பொருள். அந்தக் கணக்கில் இப்போது கைவைக்க வேண்டாம். சங்கிலியை மட்டும் ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன் பாருங்கள். நடுவில் விரலால் அழுத்தினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் ஆட வேண்டும். அதைவிடத் தொய்வாக இருந்தால் கேட்டிலேயே கழன்றுகொள்ளும்.