சீனன்குடாவுக்கு மேலே 9,000 அடியில் இறக்கையில் ஐஸ் பிடிக்குமா?

உப்புவெளியிலிருந்து உயர்தரம் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "சிமுலேட்டரில் சீனன்குடா ஓடுபாதையிலிருந்து செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் கிளம்பினேன். மழை முகில் உள்ள வானிலையை நானே அமைத்தேன். 9,000 அடியில் முகிலுக்குள் போனதும் முன்கண்ணாடி வெளுத்து, இறக்கை முழுக்க ஐஸ் பிடித்தது. வேகம் குறைந்துகொண்டே போய்க் கடைசியில் கடலில் விழுந்தேன். நிஜத்திலும் இப்படித்தானா? விமானியாக ஆசைப்படுகிறேன், இதை நம்பிப் பழகலாமா?"

தம்பி, அந்த இடத்தில், அந்த உயரத்தில் நிஜத்தில் இது நடக்காது. திருகோணமலையில் தரையில் 30 பாகை என்று வையுங்கள். 1,000 அடி ஏற ஏற ஏறத்தாழ 2 பாகை குறையும். பூச்சியத்தைத் தொட 15,000, 16,000 அடி வேண்டும். செஸ்னா 172 ஏறக்கூடிய உச்சமே 14,000 அடி அளவுதான். மார்கழி மழை எவ்வளவு கொட்டினாலும் உங்கள் இறக்கையில் தண்ணீர்தான் வழியும்.

பிறகு ஐஸ் எங்கிருந்து வந்தது? வானிலையை அமைக்கும்போது வெப்பநிலையைத் தொடாமல் விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். விமானவியலில் 'நியம வளிமண்டலம்' என்று ஒரு கணக்கு உண்டு. அதில் கடல்மட்ட வெப்பநிலை 15 பாகை, உறைநிலை 7,500 அடி அளவில் வந்துவிடும். கோணேசர் மலைக்கு மேலே ஐரோப்பிய வசந்தகாலத்தை விரித்து வைத்துப் பறந்திருக்கிறீர்கள். வெப்பநிலையை 29, 30க்கு உயர்த்துங்கள், அல்லது நேரடி வானிலையைப் போடுங்கள். ஐஸ் மறைந்துவிடும்.

சரி, கனடாவிலோ நோர்வேயிலோ பறந்தால் சிமுலேட்டர் காட்டுவது உண்மையா? பாதி உண்மை. முகிலுக்குள் பூச்சியத்துக்குக் கீழேயும் உறையாத நீர்த்துளிகள் மிதக்கின்றன. விமானம் மோதியதும் அவை உறைகின்றன. பெரும்பாலும் பூச்சியத்துக்கும் கழித்தல் 20 பாகைக்கும் இடையில்தான் இந்தத் தொல்லை. கழித்தல் 40க்குக் கீழே திரவத் துளியே இருக்காது. அங்குள்ள ஐஸ் பளிங்குகள் இறக்கையில் ஒட்டாமல் தெறித்துவிடும். உங்கள் சிமுலேட்டர் குளிர்ந்த முகில் எல்லாவற்றிலும் ஒரே வேகத்தில் ஐஸைப் பூசினால், அதை நம்ப வேண்டாம்.

இதைவிடப் பெரிய குறை எடை பற்றியது. ஐஸின் பாரம்தான் விமானத்தை இழுத்து விழுத்துகிறது என்று பலர் நினைக்கிறார்கள். எளிமையான சிமுலேட்டர்களும் அப்படித்தான் கணக்குப் போடுகின்றன. உண்மையில் கெடுவது இறக்கையின் வடிவம். கரடுமுரடான மணல்தாள் அளவு ஐஸ் பிடித்தாலே தூக்குவிசை 30 சதவீதம் வரை குறையலாம், இழுவை 40 சதவீதம் வரை கூடலாம்.

இதை நீங்களே சோதிக்கலாம். 172 சுத்தமான இறக்கையோடு, ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்புத் தகடு) இறக்காமல், 48 நொட் வேகமளவில் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை போதிய தூக்குவிசையை இழந்துவிடும். தூக்குவிசை 30 சதவீதம் குறைந்தால் அது 57 நொட் ஆகும். எடையால் மட்டும் அதே 57 வர வேண்டுமானால் 1,000 இறாத்தலுக்கு மேல் ஐஸ் ஏற வேண்டும். அதற்கு வழியே இல்லை. ஆகவே ஐஸ் பிடித்ததும் போதிய உயரத்தில், எஞ்சின் விசையைக் கட்டுப்படுத்தும் த்ரொட்டிலைக் குறைத்து மூக்கைத் தூக்கிப் பாருங்கள். எச்சரிக்கை ஒலி வருமுன்பே விமானம் சரிந்தால் அது நல்ல சிமுலேட்டர். 172இன் எச்சரிக்கைத் துளை இடது இறக்கையின் முன்விளிம்பில்தான் இருக்கிறது, அதையும் ஐஸ் அடைத்துவிடலாம். ஆனால் வழக்கமான 48இலேயே, ஒழுங்காக ஒலி கேட்டபின் ஸ்டால் ஆனால், ஐஸ் வெறும் படம்தான். அமைப்பில் 'காட்சி மட்டும்' என்று இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

ஐஸ் எல்லா இடத்திலும் சமமாகப் பிடிப்பதும் இல்லை. 1994 அக்டோபர் 31 அன்று சிகாகோவில் இறங்கக் காத்து வட்டமிட்ட ஒரு ஏடிஆர் 72 பயணிகள் விமானம், உறையும் தூறலில் மாட்டியது. முன்விளிம்பில் ஐஸை உடைக்கும் ரப்பர் பட்டைகளுக்குப் பின்னால், அவை எட்டாத இடத்தில், ஐஸ் வரம்பு கட்டியது. அதனால், விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் ஏலரோன் தகடு தானாகவே ஒரு பக்கம் இழுபட்டு விமானம் புரண்டது. 68 பேரும் இறந்தார்கள். ஒரே ஒரு 'ஐஸ் சதவீத' எண்ணை வைத்திருக்கும் சிமுலேட்டரில் இது வரவே வராது. விமான நிறுவனங்களின் பயிற்சி சிமுலேட்டர்களுக்கே, எடையைக் கூட்டினால் போதாது, காற்றியல் விளைவையும் காட்ட வேண்டும் என்று அமெரிக்க ஒழுங்குவிதி திருத்தப்பட்டது 2016இல்தான். வீட்டுக் கணினியிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. எங்கள் ஊர் வெயிலிலும் உண்மையாகவே வரக்கூடிய ஐஸ் ஒன்று இருக்கிறது: எஞ்சினுக்குப் போகும் காற்றில் எரிபொருளைக் கலக்கும் கருவிக்குள் பிடிக்கும் கார்புரேட்டர் ஐஸ். குளிர்ந்த சோடாப் போத்தலை மேசையில் வைத்த உடனே வியர்க்கிறதே, அவ்வளவு ஈரம் எங்கள் காற்றில். கார்புரேட்டருக்குள் எரிபொருள் ஆவியாகும்போதும் காற்று குறுகிய வழியில் விரியும்போதும் வெப்பநிலை 20, 30 பாகை விழும். வெளியே 28 இருந்தாலும் உள்ளே உறையலாம், முக்கியமாக த்ரொட்டிலைக் குறைத்து இறங்கும்போது.

172இன் புதிய வகைகளில் கார்புரேட்டர் இல்லாமல் எரிபொருள் பீச்சப்படுவதால் இந்தச் சிக்கல் இல்லை. கார்புரேட்டர் உள்ள செஸ்னா 152ஐ எடுங்கள். சீனன்குடாவை நோக்கி இறங்கும்போது, த்ரொட்டிலைத் தொடாமலே ஆர்பிஎம் (எஞ்சின் சுழல்வேகம்) மெல்ல நழுவுகிறதா என்று பாருங்கள். கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் கார்ப் ஹீட்டை முழுதாக இழுங்கள். முதலில் ஆர்பிஎம் இன்னும் குறையும், எஞ்சின் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அந்த நேரத்தில் பயந்து திரும்பத் தள்ளிவிடாதீர்கள், அது ஐஸ் உருகும் அறிகுறி. சில விநாடிகளில் ஆர்பிஎம் ஏறும். உங்கள் சிமுலேட்டர் இந்த ஒழுங்கில் காட்டினால், தாராளமாக அதில் பழகுங்கள்.