ஸ்கைஸ் ஆஃப் ஆர்கேடியா: வாங்கும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: பழைய ஜப்பானிய ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும் வீடியோ கேம்) 'ஸ்கைஸ் ஆஃப் ஆர்கேடியா'வை நண்பர்கள் நான்கு பேர் ஒரே சமயத்தில் மறுபடி ஆடி, வாரம் ஒருமுறை பேசிக்கொள்வதாகத் திட்டம். ஒருவரிடம் சேகாவின் பழைய கன்சோலான ட்ரீம்காஸ்ட் இருக்கிறது. மற்ற மூவரும் எந்தப் பதிப்பை வாங்கலாம்?

பதில்: மூவரும் நின்டெண்டோவின் கேம்க்யூப் கன்சோலுக்கு வந்த பதிப்பான 'லெஜண்ட்ஸ்' வாங்குங்கள். முடிந்தால் நாலாமவரும் அதற்கே மாறிவிடட்டும். பதிப்புக்குப் பதிப்பு ஆட்டத்தின் வேகமே வேறு என்பதால், கலந்து ஆடினால் வாராந்தரப் பேச்சு ஒத்துவராது.

மூலப் பதிப்பு 2000 அக்டோபரில் ஜப்பானில் ட்ரீம்காஸ்டுக்கு வந்தது. தயாரிப்பாளர் ரியேகோ கொடாமா, உருவாக்கியது சேகாவின் ஓவர்வர்க்ஸ் பிரிவு. அதில் பெரிய தொல்லை திடீர்ச் சண்டைகள். வானத்தில் கப்பலை நாலு அடி நகர்த்துவதற்குள் அடுத்த சண்டை வந்து நிற்கும். 2002 டிசம்பரில் ஜப்பானிலும், 2003இல் மற்ற நாடுகளிலும் வந்த லெஜண்ட்ஸில் சண்டைகளைக் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் அனுபவப் புள்ளிகளைக் கூட்டினார்கள். பியாஸ்டோல் என்ற புதிய எதிரி, தேடப்படும் குற்றவாளிகளின் பட்டியல், மூன்ஃபிஷ் வேட்டை எல்லாம் இதில் மட்டும்தான்.

இழப்பும் உண்டு. இரண்டு டிஸ்க் விளையாட்டை ஒரே குட்டி டிஸ்க்கில் அடக்க ஒலியைச் சுருக்கியதால், இசை ட்ரீம்காஸ்டில் கேட்ட அளவு துல்லியமாக இல்லை. நல்ல ஸ்பீக்கரில் கேட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். இசைக்காகவே ஆடுபவர் ட்ரீம்காஸ்டிலேயே இருக்கட்டும், ஆனால் மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

வாரக் கணக்கைவிட, கதையில் தேடிச் சேர்க்கும் கற்களான மூன் கிரிஸ்டல் கணக்கு வசதி. சிவப்புக்கு நாஸ்ர், பச்சைக்கு இக்ஸாடாகா என்று ஒவ்வொரு கல் கைக்கு வந்ததும் நிறுத்திப் பேசுங்கள். கிளம்பும் முன் எல்லோருக்கும் ஒன்று சொல்லிவைக்கவும்: கண்டுபிடித்த இடங்களின் தகவலை உடனே மாலுமிகள் சங்கத்தில் விற்றுவிட வேண்டும், தாமதித்தால் விலை இறங்கும். ஃபினா என்ற பாத்திரத்தின் ஆயுதமாக மாறும் குட்டி உயிரி க்யூப்பிலுக்கு உணவாகத் தரும் சாம்களில் சிலவற்றை அந்தந்த இடத்திலேயே எடுக்காவிட்டால் பிறகு கிடைக்காது.

கேள்வி: லெஜண்ட்ஸுக்காக கேம்க்யூப் வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். நின்டெண்டோவின் அடுத்த கன்சோலான பழைய வீ போதும், பெரும்பாலும் அதுதான் மலிவு. ஆனால் எல்லா வீயும் ஆகாது. மேல்பக்க மூடியைத் திறந்தால் நான்கு கன்ட்ரோலர் துளைகளும் இரண்டு மெமரி கார்டு துளைகளும் இருக்க வேண்டும். அடியில் உள்ள ஸ்டிக்கரில் மாடல் எண் ஆர்விஎல்-001 என்று இருக்கும். பின்னால் வந்த ஆர்விஎல்-101, வீ மினி இரண்டும் கேம்க்யூப் டிஸ்க்கை ஏற்காது. விற்பவர் முன்பக்கப் படம் மட்டும் போட்டிருந்தால், மூடி திறந்த படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

வீ ரிமோட் கொண்டு கேம்க்யூப் விளையாட்டை ஆட முடியாது. கேம்க்யூப் கன்ட்ரோலரும் மெமரி கார்டும் தனியாக வாங்க வேண்டும். வீயின் உள் நினைவகத்தில் கேம்க்யூப் சேவ் (ஆட்டத்தின் பதிவு) ஏறாது என்பதையும் கணக்கில் வையுங்கள். கார்டில் நின்டெண்டோவின் 59 அல்லது 251 பிளாக் கார்டே நல்லது. பெயர் தெரியாத 'பெரிய கொள்ளளவு' கார்டுகள் நாற்பது மணி நேர ஆட்டத்தை ஒரே நாளில் அழித்துவிடக்கூடியவை. எந்தக் கார்டானாலும் இரண்டு சேவ்களை மாற்றி மாற்றி எழுதுங்கள்.

வட்டாரப் பூட்டும் உண்டு: அமெரிக்க டிஸ்க்குக்கு அமெரிக்க வீ, ஐரோப்பிய டிஸ்க்குக்கு ஐரோப்பிய வீ. இந்தியாவில் இருப்பவர் ஐரோப்பிய ஜோடியை எடுத்தால் அடாப்டர் 230 வோல்ட் மின்சாரத்துக்கு நேரடியாகப் பொருந்தும்.

கேள்வி: 'எடர்னல் ஆர்கேடியா' என்று ஒன்று மிக மலிவாகக் கிடைக்கிறதே?

பதில்: அதே விளையாட்டின் ஜப்பானியப் பதிப்பு. ஆங்கிலம் கிடையாது. வசனத்தைத் தொடர ஜப்பானிய மொழி தெரிந்தால் எடுங்கள்.

கேள்வி: ஈபேயில் வரும் டிஸ்க் அசலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: அடிப்பக்கத்தின் தெளிவான படம் இல்லாமல் பணம் கட்டாதீர்கள். ட்ரீம்காஸ்டின் ஜிடி-ரோம் டிஸ்க்கைத் திருப்பினால் உள்ளே ஒரு பகுதி, வெளியே அகலமான இன்னொரு பகுதி, இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய வளையம் தெரியும். வெளிச்சத்தில் சாய்த்தால் அந்த வளையத்தில் சேகா உரிமத்தைக் குறிக்கும் எழுத்துகளைப் படிக்கலாம். சிடி-ஆரில் எழுதிய நகலில் இது வராது. கேம்க்யூப் டிஸ்க்கில் நடுத்துளையை ஒட்டிய வளையத்தில் பார்கோடு போன்ற கோடுகள் இருக்க வேண்டும். அடிப்பக்கம் ஊதா சாயலாக இருந்தால் அது வீட்டில் எழுதிய டிஸ்க்.

கீறலைப் பொறுத்தவரை, ஜிடி-ரோமில் தகவல் அடுக்கு லேபிளுக்கு நேர் கீழே இருக்கிறது. படிக்கும் பக்கத்தில் லேசான கீறலை பாலிஷ் செய்யலாம். லேபிள் பக்கம் ஆழமாகக் கீறியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்து, ஊசித்துளை போல ஒளி வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். ட்ரீம்காஸ்ட் பதிப்பில் இரண்டாவது டிஸ்க்கை வந்த அன்றே போட்டு, கன்சோல் அடையாளம் காண்கிறதா என்று பாருங்கள். கதையில் அதுவரை போய்ச் சேர்வதற்குள் திருப்பித் தரும் கெடு முடிந்திருக்கும்.

விலைக்கு, கேட்கும் விலையைப் பார்க்காமல் 'விற்றுமுடிந்தவை' என்று வடிகட்டி, கடைசிப் பத்து விற்பனைகளின் நடு விலையை எடுங்கள். பெட்டி, கையேடு இல்லாத டிஸ்க் கணிசமாகக் குறைவு. ஆடுவதற்கு அது போதும்.

கேள்வி: ஜப்பானிலிருந்து ட்ரீம்காஸ்ட் வரவழைத்தோம். சொருகலாமா? எதையெல்லாம் சோதிப்பது?

பதில்: நேரடியாகச் சொருகாதீர்கள். அது 100 வோல்ட் கன்சோல். நம் 230 வோல்ட்டில் போட்டால் உள்ளே இருக்கும் பவர் போர்டு அந்த நொடியே போய்விடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். 50 வாட் தாராளம், சென்னை ரிச்சி தெரு போன்ற எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவில் விசாரிக்கலாம். பிளக் வடிவத்தை மட்டும் மாற்றும் குட்டி அடாப்டர் மின்னழுத்தத்தைக் குறைக்காது. பலர் கன்சோலை இழப்பது இங்கேதான்.

ஆன் செய்து குறைந்தது அரை மணி ஓடவிடுங்கள். தானாக ரீசெட் ஆகி முகப்புத் திரைக்குத் திரும்பினால், பெரும்பாலும் பவர் போர்டு மெயின் போர்டில் சொருகும் பின்கள் கறுத்திருக்கும். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, போர்டைக் கழற்றி, பின்களை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தால் சரியாகும். நான்கு கன்ட்ரோலர் துளைகளும் ஒன்றாக வேலை செய்யவில்லை என்றால், முன்பக்க கன்ட்ரோலர் போர்டில் உள்ள ஃபியூஸைச் சந்தேகப்படுங்கள்.

ஒவ்வொரு முறையும் தேதி கேட்டால் அதே போர்டில் உள்ள பேட்டரி தீர்ந்திருக்கும். அது ரீசார்ஜ் ஆகும் வகை. சாதாரண சிஆர்2032ஐ அங்கே ஒட்டக் கூடாது, கன்சோல் அதற்கும் சார்ஜ் ஏற்றும், பேட்டரி கசியும். எம்எல்2032 கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ட்ரீம்காஸ்டை ஆன் செய்ததும் மெமரி கார்டு நீளமாக பீப் போடுகிறது. சேவ் போய்விடுமா?

பதில்: போகாது. விஎம்யூவில் (ட்ரீம்காஸ்டின் மெமரி கார்டு) உள்ள இரண்டு சிஆர்2032 பேட்டரிகள் தீர்ந்ததற்கான சத்தம் அது. சேவ் இருப்பது ஃபிளாஷ் நினைவகத்தில். கன்ட்ரோலரில் சொருகியிருக்கும்போது மின்சாரம் கன்சோலிலிருந்தே வரும். விஎம்யூவைத் தனியே எடுத்து ஆடும் 'பின்டாஸ் குவெஸ்ட்' குட்டி விளையாட்டு வேண்டுமென்றால் மட்டும் பேட்டரி போடுங்கள்.

கேள்வி: கணினிக்கான 'ஒரிஜினல் கீ' விற்கிறேன் என்று ஒருவர் சொல்கிறார்.

பதில்: ஏமாற்று. கணினிக்கும் பிளேஸ்டேஷன் 2-க்கும் அறிவித்த பதிப்புகள் இரண்டும் வெளிவராமலே ரத்தாயின. கணினியில்தான் ஆட வேண்டுமென்றால் லெஜண்ட்ஸுக்கு, கேம்க்யூப் போலக் கணினியை இயங்க வைக்கும் மென்பொருளான டால்ஃபின் எமுலேட்டர் இருக்கிறது. அது இலவசம், அதற்கு யாருக்கும் காசு தரத் தேவையில்லை. சாதாரண டிவிடி டிரைவ் கேம்க்யூப் டிஸ்க்கைப் படிக்காது என்பதால், உங்கள் சொந்த டிஸ்க்கை ஹோம்புரூ (அதிகாரபூர்வமல்லாத மென்பொருள்) ஏற்றிய வீ வழியாக நகலெடுக்க வேண்டும். நண்பர்களில் ஒருவரிடம் அப்படி ஒரு வீ இருந்தால், அவரவர் டிஸ்க்கைக் கொண்டுபோய் அங்கேயே நகலெடுத்துக்கொள்ளலாம்.