உடல் சூடு குறைய ஆயுர்வேத முறையில் என்ன சாப்பிடலாம், எப்படி இருக்க வேண்டும்?

கண் எரிச்சல், வாய்ப்புண், நீர்க்கடுப்பு எல்லாம் சேர்ந்து வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கும் நாள் முழுக்க நிற்கிற வேலையாகத்தான் இருக்கும். நான் ஜவுளிக்கடையில் புடவை செக்‌ஷனில் வேலை பார்த்தவள், அதனால் சொல்கிறேன்.

எங்கள் அத்தை வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார். செவ்வாய், வெள்ளி எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். கால் பெருவிரலில் சுண்ணாம்பும் தடவியாயிற்று. லீவு நாளில் அடங்கும், கடைக்குப் போனால் மறுபடி எரியும். ஆடித் தள்ளுபடி சமயத்தில் தாங்க முடியாமல் ஓர் ஆயுர்வேத மருத்துவரம்மாவிடம் போனேன். நாடி பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "கடையில இருக்கும்போது எத்தனை தடவை பாத்ரூம் போவீங்க?"

மதியம் ஒரே தடவை. மொத்தக் கடைக்கும் மேல் மாடியில்தான் பாத்ரூம், போனால் சூப்பர்வைசர் மணி பார்ப்பார். அதற்குப் பயந்தே நாங்கள் யாரும் தண்ணீர் குடிக்க மாட்டோம். காலையில் கவுண்டருக்கு அடியில் வைத்த பாட்டில் ராத்திரி அப்படியே வீட்டுக்குத் திரும்பும்.

அடக்கக் கூடாத வேகங்கள், அதாவது உடம்பு தானாகக் கேட்கும் உந்துதல்கள், என்று ஆயுர்வேதத்தில் 13 இருக்கின்றனவாம். தாகமும் சிறுநீரும் அதில் உண்டு. "ரெண்டையும் அடக்கிட்டு வெந்தயத்தை மட்டும் தின்னா எப்படிம்மா?" என்றார்.

சாப்பாட்டில் அவர் மாற்றியது கொஞ்சம்தான். புளிப்பு, உப்பு, காரம் மூன்றும் பித்தத்தை ஏற்றும் என்று ஊறுகாயையும் புளிக்குழம்பையும் குறைக்கச் சொன்னார். தயிர் குளிர்ச்சி என்று நாம் நினைக்கிறோம், ஆயுர்வேதக் கணக்கில் அது உஷ்ணம், ராத்திரியில் தொடவே கூடாது. வெண்ணெய் எடுத்து, தண்ணீர் நிறைய விட்டுப் பெருக்கிய மோர் பகலில் குடிக்கலாம் என்றார். எனக்கு நன்றாகக் கேட்டது தனியாத் தண்ணீர்: ஒரு ஸ்பூன் தனியாவை ஒன்றிரண்டாக இடித்து, ஒரு டம்ளர் தண்ணீரில் ராத்திரி ஊறப்போட்டு, காலையில் வடிகட்டிக் கொஞ்சம் கற்கண்டு சேர்த்துக் குடிப்பது. பூசணி, சுரைக்காய், பாசிப்பயறு தாராளமாகச் சேர்க்கலாம். ராத்திரி கண் விழிக்காதீர்கள்.

"உடல் சூடு என்று ஒன்றே கிடையாது" என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: நான் தெர்மாமீட்டரில் காட்டும் காய்ச்சலைச் சொல்லவில்லை. காய்ச்சல் அடித்தாலோ சிறுநீரில் ரத்தம் போனாலோ தனியாத் தண்ணீரை நம்பி உட்கார வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கிருமித் தொற்றாக இருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டமே போட்டார்கள். எங்கள் கடையிலும் ஸ்டூல் வந்தது, அதன்மேல் புடவைக் கட்டுகளை அடுக்கிவிட்டார்கள். உட்கார்ந்தால் கஸ்டமருக்கு மரியாதை இல்லையாம். வெயில் காலத்தில் நுங்கு சாப்பிடு, மோர் குடி என்று எங்களுக்குப் புத்தி சொல்லத் தெரிந்த முதலாளிக்கு, ஒவ்வொரு மாடிக்கும் ஒரு பாத்ரூம் கட்டத் தெரியவில்லை. கடைசியில் செக்‌ஷன் பெண்கள் எல்லோரும் சேர்ந்து போய்க் கேட்டபிறகுதான் காலையிலும் சாயங்காலமும் பத்துப் பத்து நிமிஷம் விட்டார்கள். என் நீர்க்கடுப்பு அதற்குப் பிறகுதான் நின்றது. நீங்களும் கூட வேலை பார்ப்பவர்களைச் சேர்த்துக்கொண்டு போய்க் கேளுங்கள், தனியாகப் போகாதீர்கள்.