வீட்டுக் குளத்து மரத்துறையின் கால்கள் உளுத்துவிட்டன, என்ன செய்யலாம்?

மியான்மரின் பெகுவில் உள்ள உங்கள் வீட்டுக் குளத்தில் பழைய மரத்துறையை, அதாவது தண்ணீர்மேல் கால் ஊன்றி நிற்கும் பலகை மேடையை, அதே மாதிரி திரும்பக் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டலாம். ஆனால் எங்கே உளுத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். எப்போதும் நீருக்குள் இருக்கும் பகுதி அவ்வளவாகக் கெடாது. நனைந்து நனைந்து காய்கிற நீர்மட்டப் பகுதிதான் முதலில் போகும். தேக்கும் விலக்கில்லை, அமரபுராவின் ஊ பெயின் தேக்குப் பாலத்திலேயே சில கால்களை எடுத்துவிட்டுக் கான்கிரீட் கால்கள் வைத்துவிட்டார்கள். மரந்தான் வேண்டுமென்றால் பிங்காடோ, அதாவது நம் இருள் மரம், வாங்குங்கள். துளை போடாமல் ஆணி இறங்காது, அவ்வளவு கெட்டி.

என்னைக் கேட்டால் பீப்பாய்களின் மேல் பலகை அடித்த மிதவைத்துறைதான் சரி. மே முதல் அக்டோபர் வரை தண்ணீர் ஏறினால் அதுவும் கூடவே ஏறும். 200 லிட்டர் பிளாஸ்டிக் பீப்பாய் பாதி முங்கினாலே சுமார் 90 கிலோ தாங்கும். பலகையின் எடையை அதில் கழித்துக்கொள்ளுங்கள். மழைக்கு முன்பே வேலையை முடித்துவிடுங்கள். ஏப்ரல் நடுவில் தின்ஜான் என்ற புத்தாண்டு நீர்த்திருவிழா வந்துவிட்டால் ஆள் கிடைக்காது.