உப்புக் காற்றும் கண்டென்சர் மைக்கும்

"அண்ணே, நான் தங்கச்சிமடம். மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுறேன், கிட்டாரும் ஆர்மோனியமும் வாசிப்பேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் பாட்டுப் பதிவு பண்ணணும். யூஎஸ்பி கண்டென்சர் மைக் ஒன்று போதும்ங்கிறாங்க. வாங்கலாமா?"

வேண்டாம் தம்பி. இன்றைக்குக் குரலுக்கு ஒரு மைக் போதும். நாளைக்கே கிட்டாருக்கும் இன்னொன்று கேட்பீர்கள். இரண்டு யூஎஸ்பி மைக்கைச் செருகினால் ஒவ்வொன்றும் தனக்குள் இருக்கும் கடிகாரத்தில் ஓடும். பாட்டு முடிவதற்குள் குரலும் கிட்டாரும் ஒன்றைவிட்டு ஒன்று விலகலாம். அதனால் இரண்டு மைக் செருகும் ஆடியோ இன்டர்ஃபேஸ்தான், அதாவது மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டிதான், முதல் செலவு. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 போல ஒன்று போதும்.

அதைவிடப் பெரிய காரணம் கடல். கண்டென்சர் மைக்கின் உயிரே மெல்லிய சவ்வில் தேங்கும் மின்னூட்டம். ஈரமும் உப்பும் படிந்தால் அந்த மின்னூட்டம் கசிந்து, பொரி பொரிவது போலச் சத்தம் வரும். பாம்பனில் ஒரு ஐப்பசி மழையில் என் மைக்கை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு இந்தப் பாடத்தைப் படித்தேன். டைனமிக் மைக்கில் இருப்பது காந்தமும் கம்பிச்சுருளும்தான். இன்டர்ஃபேஸில் செருகும் கண்டென்சர்கள் கேட்கும் 48 வோல்ட் மின்சாரமும் அதற்கு வேண்டாம். 1966 முதல் மேடைகளில் அடிபட்டு உழைக்கும் ஷூர் எஸ்எம்58 அந்த வகை. ஆனால் அதற்குப் போலிகள் ஏராளம். பாதி விலை சொன்னால் விலகிவிடுங்கள்.

டைனமிக்கில் ஒரு குறை உண்டு: சத்தத்தை மெலிதாகத்தான் தரும். நாலு விரல் தூரத்தில் வைத்துப் பாடினால் கவலையில்லை. கிட்டாரை விரலால் மெல்ல மீட்டும்போது இன்டர்ஃபேஸில் ஒலியைப் பெருக்கும் கெயினை ஏற்ற வேண்டிவரும், கூடவே இரைச்சலும் ஏறும். மைக்கைத் துளைக்கு நேராக வைக்காமல், கிட்டார் கழுத்தின் 12ஆம் கட்டைக்கு (ஃப்ரெட்) எதிரே ஒரு சாண் தள்ளி வையுங்கள். துளைக்கு நேரே வைத்தால் குடத்துக்குள் பேசினது மாதிரி இருக்கும். கிட்டாரிலேயே ஒலியைப் பிடிக்கும் பிக்கப் இருந்தால் நேரே இன்டர்ஃபேஸில் செருகலாம், ஆனால் என் காதுக்கு அது தகரம்தான். ஆர்மோனியத்துக்குத் துருத்திப் பக்கம் போகாமல், முன்புறம் மேலே இருந்து ஒரு முழம்.

காது முழுக்க மூடும் ஹெட்ஃபோன் ஒன்று கட்டாயம். இல்லாவிட்டால் முதலில் பதிந்த கிட்டார் உங்கள் குரல் மைக்குக்குள்ளும் புகுந்துவிடும். மென்பொருளுக்குக் காசு போடாதீர்கள். இலவச ஆடாசிட்டியில் தொடங்குங்கள். பதிவுத் தரத்தை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என வைத்து, உச்சச் சத்தம் மைனஸ் 12 டெசிபெலைச் சுற்றி நிற்கும்படி பாருங்கள்.

கச்சான் காற்று ஜன்னலை அடிக்கிற மாதங்களில் எந்த மைக்கும் காப்பாற்றாது. உள்ளறையில் பஞ்சு மெத்தையை முதுகுக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்து, மின்விசிறியை அணைத்துவிட்டு, ஊர் அடங்கியபின் பாடுங்கள்.

பாடி முடித்ததும் மைக்கைத் துடைத்து, இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டன என்று அர்த்தம், மாற்றிவிடுங்கள்.