நீருக்குள் ஒரு சுழல், மேலே உருமாறாத அலை: கேள்வி பதில்

எடுத்துக்கொண்ட பொருள்: இரு பரிமாண நீர், பாகுநிலை (நீரின் உள் உராய்வு) இல்லை, ஆய்லர் சமன்பாடுகள் (உராய்வில்லா ஓட்டத்தின் இயக்கச் சமன்பாடுகள்). சுழல்மை (நீர்த்துகள் தன்னைத்தானே சுற்றும் வீதத்தின் அளவு) ஒரு சிறு பகுதியில் மட்டுமே குவிந்திருக்கிறது. அப்படிப்பட்ட நீரில் உருமாறாமல் ஒரே வேகத்தில் நகரும் அலை உண்டா?

கேள்வி: சுழல்மை கொண்ட அலைகளின் இருப்பை கான்ஸ்டன்டினும் ஸ்ட்ராஸும் 2004-லேயே நிறுவிவிட்டார்களே. அதே முறையை இங்கும் பயன்படுத்தக் கூடாதா?

பதில்: முடியாது. அவர்கள் கையாண்டது டூப்ரேய்-ஜாகோட்டின் 1934-இல் தந்த மாற்றம். உயரத்துக்குப் பதிலாக ஓட்டச்சார்பையே (நீர் ஓடும் பாதையான ஒவ்வொரு ஓட்டக்கோட்டிலும் மாறாத மதிப்புள்ள சார்பு) ஆய அச்சாக வைப்பார்கள். அலையோடு சேர்ந்து நகர்ந்து பார்க்கும்போது நீர் எங்கும் ஒரே பக்கமாக ஓடினால்தான் இது செல்லும்.

இரு பரிமாணத்தில் ஒவ்வொரு துகளும் தன் சுழல்மையை மாறாமல் சுமந்து செல்கிறது. எல்லா ஓட்டக்கோடுகளும் இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை போனால், நடுவில் இருக்கும் சுழல்மை கோடியிலும் இருந்தே தீரும். ஆகவே சுழல்மை ஓரிடத்தில் அடங்க வேண்டுமென்றால் மூடிய ஓட்டக்கோடுகள் வேண்டும். மூடிய கோட்டுக்குள் ஒரு தேக்கப்புள்ளியோ (நீர் அசையாத இடம்) சுழலின் மையமோ கட்டாயம் வரும். மாற்றம் அங்கேயே உடைந்துவிடும். இந்தத் துறையின் சிரமம் முழுவதும் இங்கிருந்துதான் கிளைக்கிறது.

கேள்வி: சரி சார், எங்கே தொடங்குவது? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

பதில்: ஷாட்டா, வால்ஷ், ஸெங் மூவரும் 2013-இல் வெளியிட்ட வழியைச் சொல்கிறேன். ஆழம் முடிவிலி, பரப்பு இழுவிசை உண்டு.

முதலில், பரப்புக்குக் கீழே ஆழம் ஆ-வில் சுற்றோட்டம் (சுழலின் மொத்த வலிமை) சு கொண்ட ஒரு புள்ளிச்சுழலை (சுழல்மை முழுதும் ஒரே புள்ளியில்) வையுங்கள். அது தனியாக இருந்தால் திசைவேகம் தூரத்துக்கு எதிர்விகிதமாகவே குறையும். தொலைவில் ஆற்றல் முடிவிலியாகும். அதனால் பரப்புக்கு மேலே, அதே உயரத்தில், எதிர்த்திசையில் சுற்றும் ஒரு பிம்பச் சுழலைச் சேர்க்கிறோம். இரண்டும் சேர்ந்தால் திசைவேகம் தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதமாகக் குறையும். பிம்பம் நீருக்கு வெளியே இருப்பதால் நீருக்குள் புதிய சுழல்மை எதுவும் வராது.

மீதியுள்ள ஓட்டம் சுழலற்றது. தெரியாதவை மூன்று: பரப்பின் வடிவம், பரப்பில் அந்தச் சுழலற்ற பகுதியின் மதிப்பு, அலை வேகம். சமன்பாடுகளும் மூன்று: பரப்பை நீர் கடக்கக் கூடாது, பரப்பில் பெர்னூலி (அழுத்தம், வேகம், உயரம் மூன்றையும் இணைக்கும் விதி), சுழல் அலையோடு சேர்ந்தே நகர வேண்டும். மூன்றாவதில்தான் பலர் தவறுகிறார்கள். சுழல் தன் திசைவேகத்தால் தானே நகராது. அந்த முடிவிலிப் பகுதியைக் கழித்துவிட்டு, மீதித் திசைவேகத்தைத்தான் அலை வேகத்துக்குச் சமன்படுத்த வேண்டும். இந்த விதி சும்மா வைத்துக்கொண்ட வசதியல்ல. பரப்பளவுள்ள சிறிய சுழல் திட்டுகள் புள்ளியாகச் சுருங்கும் எல்லையாக இதை மார்க்கியோரோவும் புல்விரென்டியும் நியாயப்படுத்தியிருக்கிறார்கள்.

பிறகு சு = 0, தட்டையான பரப்பு என்ற இடத்தில் உட்படு சார்புத் தேற்றம்: தெரிந்த தீர்வில் சமன்பாடுகளின் நேரியல் பகுதிக்கு நேர்மாறு இருந்தால், அருகிலும் தீர்வுகள் உண்டு. இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். பெர்னூலியின் நேரியல் பகுதி "ஈர்ப்பு − பரப்பு இழுவிசை × இரண்டாம் வகைக்கெழு". இதற்கு நேர்மாறு உண்டு. முதல் சமன்பாட்டின் நேரியல் பகுதியோ அலையெண் சுழியை நெருங்கும்போது, அதாவது மிக நீண்ட அலைகளில், தானும் சுழியாகிறது. எனவே அங்கே வழக்கமான சோபொலேவ் வெளி (சார்பின் அளவையும் வகைக்கெழுக்களின் அளவையும் கட்டுப்படுத்தும் சார்புகளின் தொகுப்பு) போதாது, வகைக்கெழுக்களை மட்டும் அளக்கும் ஒருபடித்தான சோபொலேவ் வெளி வேண்டும்.

கேள்வி: சுழலுக்கு நேர் மேலே நீர் மேடாகுமா, பள்ளமாகுமா? எண்ணாகக் காட்டுங்களேன்.

பதில்: பள்ளம். வேகம், முதல் தோராயத்தில், பிம்பம் சுழலைத் தள்ளும் வேகமே: சு ÷ (4 × பை × ஆ). பெர்னூலியில் வலப்பக்கம் வருவது

(சு² ÷ 4பை²) × (தூ² − ஆ²) ÷ (தூ² + ஆ²)²

தூ என்பது சுழலுக்கு நேர் மேலிருந்து கிடைமட்டத் தூரம். நடுவில் இது எதிர்மறை. ஆ-வைத் தாண்டினால் நேர்மறை. மொத்தத் தொகை சரியாகச் சுழி. பள்ளத்தில் குறைந்த நீர் இரு பக்கத்து மேடுகளில் சேர்ந்திருக்கிறது.

ஆழம் 10 செ.மீ., சுற்றோட்டம் நொடிக்கு 0.05 சதுர மீட்டர் என்று வைத்தால் வேகம் நொடிக்குச் சுமார் 4 செ.மீ. பள்ளம் சுமார் 0.65 மி.மீ.; இருபுறமும் ஏறத்தாழ 17 செ.மீ. தள்ளி (ஆழத்தின் √3 மடங்கு), பள்ளத்தில் எட்டில் ஒரு பங்கு உயரமுள்ள மேடுகள். சுற்றோட்டத்தை இருமடங்காக்கினால் வேகம் இருமடங்கு, பள்ளம் நான்கு மடங்கு.

கேள்வி: 10 செ.மீ. அளவில் பரப்பு இழுவிசை பொருட்டே இல்லையே. ஏன் விடக் கூடாது?

பதில்: பள்ளத்தின் அளவுக்கு அது பொருட்டில்லை, உண்மைதான். நிறுவலுக்கு அது உயிர். இழுவிசை இருந்தால் தண்ணீரில் எந்த நேரியல் அலையும் நொடிக்குச் சுமார் 23 செ.மீ.க்குக் குறைவாக நகர முடியாது. நம் சுழல் 4 செ.மீ.யில் போகிறது, அதோடு ஒத்திசைந்து ஆற்றலை இழுத்துச் செல்ல அலையே கிடையாது.

இழுவிசையை நீக்கினால் எந்த வேகத்துக்கும் ஓர் அலை உண்டு. 4 செ.மீ. வேகத்துக்கு அதன் நீளம் சுமார் 1 மி.மீ. ஆழம் காரணமாக அதன் வீச்சு e-இன் சுமார் −620-ஆம் அடுக்கு என்ற அளவில் சுருங்கும் என்று எதிர்பார்க்கலாம். எந்தக் கருவியும் அதைக் காணாது. ஆனால் "வெகுதொலைவில் பரப்பு தட்டையாகிறது" என்ற கூற்றுக்கு அதுவே தடை. இதோடு, இழுவிசை தரும் இரண்டாம் வகைக்கெழு போய்விட்டால் பெர்னூலியில் வகைக்கெழு இழப்பும் (தீர்வின் வழவழப்பு ஒவ்வொரு படியிலும் குறைவது) சேரும்.

கேள்வி: புள்ளிக்குப் பதில் பரப்பளவுள்ள சுழல் திட்டு?

பதில்: அதே ஆய்வில் அதுவும் உண்டு. வட்டத்தட்டிலிருந்து தொடங்குவார்கள், பிம்பத்தின் இழுப்பால் வடிவம் சற்றே நசுங்கும். புதிய சிக்கல்: தட்டைக் கொஞ்சம் நகர்த்தினாலும் அது தீர்வுதான், எனவே நேரியல் பகுதிக்கு நேர்மாறு இல்லை. கிடைமட்ட நகர்வைச் சமச்சீர் தடுக்கும். செங்குத்து நகர்வுக்கு ஈடாக அலை வேகத்தைச் சரிசெய்ய வேண்டும்.

கேள்வி: தரை உள்ள நீரில்?

பதில்: வரையறுத்த ஆழத்தில் புள்ளிச்சுழல்களுக்கு வார்ஹோல்ம் செய்திருக்கிறார். திட்டின் விளிம்பில் திடீரென அறுபடாமல், சுழல்மை வழவழப்பாக, அடுக்குக்குறி வேகத்தில் தேய வேண்டுமென்றால் ஏர்ன்ஸ்ட்ரோம், வால்ஷ், ஸெங் மூவரின் நிறுவல் இருக்கிறது. அங்கே அலை நகராது, வேகம் சுழி. ஓட்டச்சார்பு ஒரு கூர்முனைத் தீர்வாக, நீருக்குள் சிறு இடத்தில் குவிகிறது. இழுவிசை அங்கும் வேண்டும்.

கேள்வி: இருப்பு சரி. லேசாகத் தட்டினால் கலைந்துவிடுமா?

பதில்: இருப்புத் தேற்றம் அதைச் சொல்லாது, தனியாக நிறுவ வேண்டும். ஒற்றைப் புள்ளிச்சுழல் கொண்ட சிறு அலைகள் நிலைப்புள்ளவை என்று வார்ஹோல்ம், வாலேன், வால்ஷ் காட்டியிருக்கிறார்கள். நிபந்தனையோடுதான்: தீர்வு நீடிக்கும் காலம் வரை, அலையை இடம் நகர்த்திப் பார்த்தால் அது மூல வடிவத்தின் அருகிலேயே இருக்கும். எதிரெதிராகச் சுற்றும் இரு சுழல்கள் கொண்ட அலைக்கு லே நிறுவியது நேர்மாறு: அலை உண்டு, நிலைப்பு இல்லை.