ஷேர் ஃபோல்டர் சிக்கல்கள்: கேள்வி-பதில்

சர்வரிலேயே உட்கார்ந்து திறந்தால் ஃபைலைச் சேமிக்க முடிகிறது. அதே யூசர் நெட்வொர்க் வழியாக வந்தால் படிக்க மட்டும்தான் முடிகிறது. ஏன்?

விண்டோஸில் நெட்வொர்க் வழியாக வருகிறவருக்கு ஷேர் அனுமதி (நெட்வொர்க் வழியாக நுழைவதற்கானது), என்டிஎஃப்எஸ் அனுமதி (டிஸ்கில் உள்ள ஃபைல், ஃபோல்டருக்கு செக்யூரிட்டி டேபில் கொடுப்பது) இரண்டும் வேண்டும். எது குறைவோ அதுதான் செல்லும். சர்வரிலேயே லாகின் செய்தவருக்கு ஷேர் அனுமதி குறுக்கே வராது. அட்வான்ஸ்டு ஷேரிங்கில் புதிதாக ஷேர் செய்தால் ‘எவ்ரிஒன் – ரீட்’ மட்டுமே இருக்கும். செக்யூரிட்டி டேபில் ‘மாடிஃபை’ கொடுத்தும் எழுத முடியாதது இதனால்தான். அட்வான்ஸ்டு ஷேரிங்கில் உள்ள பெர்மிஷன்ஸ் பட்டனை அழுத்தி, எவ்ரிஒன்னை நீக்கி, ‘ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்’க்கு ‘சேஞ்ச்’ கொடுங்கள். யாருக்கு எது என்பதை என்டிஎஃப்எஸ்ஸில் பிரித்துக்கொள்ளலாம். அவசரத்துக்கு இரண்டிலும் ‘எவ்ரிஒன் – ஃபுல் கன்ட்ரோல்’ போடவே போடாதீர்கள். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் ஒரு கம்ப்யூட்டரில் புகுந்தால் மொத்த ஷேரும் பூட்டப்பட்டுவிடும்.

யூசரை குரூப்பில் சேர்த்தாச்சு. இன்னும் ‘ஆக்சஸ் டினைட்’ வருகிறது.

அவரை லாக்ஆஃப் செய்து திரும்ப லாகின் ஆகச் சொல்லுங்கள். அவர் எந்தெந்த குரூப்பில் இருக்கிறார் என்ற பட்டியல் லாகின் ஆகும்போதுதான் டோக்கனில் (விண்டோஸ் அவருக்குத் தரும் அடையாளச் சீட்டு) ஏறும்; ஸ்கிரீனை லாக் செய்து திறந்தால் போதாது. அப்போதும் வந்தால், அட்வான்ஸ்டு செக்யூரிட்டியில் ‘எஃபெக்டிவ் ஆக்சஸ்’ டேபில் அவர் பெயரைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வேறொரு குரூப்பின் ‘டினை’ தடுத்துக்கொண்டிருக்கும்.

சம்பளக் கணக்கு ஃபோல்டரை பொது ஃபோல்டருக்குள் கட்-பேஸ்ட் செய்தோம். மற்றவர்களால் திறக்க முடியவில்லை.

ஒரே டிரைவுக்குள் நகர்த்தினால் பழைய அனுமதிகள் கூடவே வரும். காப்பி செய்தால்தான் புது இடத்தின் அனுமதி ஒட்டும். இதே காரணத்தால் தலைகீழான ஆபத்தும் உண்டு: பொது ஃபோல்டரிலிருந்து ரகசிய ஃபோல்டருக்கு நகர்த்திய ஃபைலுக்குப் பொது அனுமதியே தொடரலாம். அதனால் இரண்டு பக்கமும் சரிபாருங்கள்.

அனுமதிகளைச் சரிசெய்ய, முதலில் ஐகேக்ல்ஸ் (icacls, அனுமதிகளைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் விண்டோஸ் கட்டளை) கட்டளையின் ‘சேவ்’ (/save) சுவிட்சால் இருக்கிற அனுமதிகளை ஒரு ஃபைலில் எடுத்து வையுங்கள். பிறகு நகர்த்திய ஃபோல்டர் மீது மட்டும் ‘ரீசெட்’ (/reset, மேல் ஃபோல்டரின் அனுமதிக்கு மாற்றுவது), ‘டி’ (/t, உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து) சுவிட்சுகளோடு அதே கட்டளையை ஓட்டுங்கள். மேல் ஃபோல்டரில் ஓட்டினால், கீழே தனித்தனியாகக் கொடுத்த அனுமதிகள் எல்லாம் அழிந்துபோகும். சம்பளக் கணக்கு உண்மையிலேயே எல்லோரும் பார்க்க வேண்டியதுதானா என்பதையும் ரீசெட்டுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

விண்டோஸ் 11 24எச்2 அப்டேட்டுக்குப் பிறகு, பாஸ்வேர்டு இல்லாத பழைய நாஸ் (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டி) திறக்கவில்லை.

இந்தப் பதிப்பின் ப்ரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் வகைகளில் எஸ்எம்பி சைனிங் (ஃபைல் பகிர்வுச் செய்திகள் வழியில் மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்யும் கையொப்பம்) இயல்பாகவே கட்டாயம். பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் இணைப்பில் சைனிங் செய்ய முடியாது என்பதால் விண்டோஸ் மறுக்கிறது. நாஸில் யூசர் பெயர், பாஸ்வேர்டு உருவாக்கி, அதன் ஃபர்ம்வேரை (உள்ளே ஓடும் மென்பொருள்) புதுப்பித்து இணையுங்கள். சைனிங்கை அணைப்பது கடைசி வழி.